தூளிக் கொக்கியில் மாட்டிய புரொஜெக்டர்

இப்போது வருகிற புரொஜெக்டர் சுவரடியில் ஒரு மேசைமேல் உட்கார்ந்துகொண்டு, தனக்கு மேலே இருக்கிற சுவர் முழுக்கப் படம் காட்டுகிறது. ஏணி வேண்டாம். கூரையில் துளை வேண்டாம். துளைக்குக் கீழே நின்று சிமெண்டுத் தூளைத் தலையில் வாங்கிக்கொள்ளப் பச்சையம்மாளும் வேண்டாம். போன மாதம் கடைப்பக்கம் போயிருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற இரண்டு பெண்கள் அந்த மிஷினை எனக்குக் காட்டினார்கள். பெட்டியைப் பிரித்தார்கள், ஒயரைச் செருகினார்கள். என் டீ ஆறுவதற்குள் சுவரில் படம் வந்துவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. பதினோரு வருஷம் முழங்காலைத் தேய்த்துக் கற்றுக்கொண்ட வேலையை ஒரு மேசை செய்துவிட்டதே!

"அப்போல்லாம் எப்படி மாட்டுவீங்க பச்சைம்மா? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்று அந்தப் பெண்கள்தான் கேட்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்புவரை. அதிலும் மூன்றாம் வகுப்பில் பாதி நாள் ஆடு மேய்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. எழுதியதைக் கடை முதலாளி ரேவதி மேடம் பிழை திருத்தித் தந்தார். தன்னைப் புகழ்ந்திருந்த இடங்களை அடித்துவிடப் பார்த்தார், நான் விடவில்லை. என்னை நானே புகழ்ந்திருந்த இடங்களை மட்டும் அடிக்க விட்டேன். அவை கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருந்தன.

இந்த வேலைக்கு வருவதற்குமுன் நான் சுவருக்கு வெள்ளையடிப்பவள். வெள்ளை என்றால் சுண்ணாம்பில் தொடங்கி, டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று காலம் போகிற போக்கில் எல்லாமே அடித்தேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புது வீடுகள் வரிசையாக எழும்பிய காலத்தில், ஒரு தெருவில் நின்று பார்த்தால் நான் தொடாத சுவர் நாலுதான் இருக்கும் என்று பீற்றிக்கொள்வேன். உள்ளங்கையை வைத்தாலே சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். விரல் கணுவால் தட்டினால் எது கெட்டி, எது பூச்சு மட்டும், எங்கே குழாய் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தலைக்கனத்தோடுதான் ரேவதி மேடம் கடைக்கு வெள்ளையடிக்கப் போனேன்.

மேடத்துக்கு அப்போது முப்பது வயதுதான். எனக்கு நாற்பத்தேழு. கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு கடை பிடித்திருந்தார். வீட்டில் பெரிய படம் பார்க்கிற மிஷினும், அதற்கான ஸ்பீக்கர்களும் மாட்டிக் கொடுக்கிற கடை. "இந்தச் சுவர்ல படம் விழும் பச்சைம்மா. வெள்ளையா, சமமா இருக்கணும்" என்றார்.

"விடுங்க மேடம். கண்ணாடி மாதிரி அடிச்சுத் தர்றேன்" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். இருப்பதிலேயே பளபளப்பான எனாமலை எடுத்து இரண்டு கோட்டு அடித்தேன். அந்தச் சுவரில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். மேடம் மிஷினைப் போட்டார். படத்தின் நடுவில் மிஷினின் வெளிச்சமே சூரியன்போலத் திரும்பி அடித்தது. சுற்றியிருந்த படமெல்லாம் மங்கிப்போனது. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பச்சைம்மா, சுவர் ரொம்ப அழகா இருக்கு. படம்தான் தெரியல."

அன்றைக்கே உப்புத்தாளை எடுத்து மொத்தச் சுவரையும் தேய்த்தேன். இரண்டு நாள் தேய்த்தேன். பிறகு பளபளப்பே இல்லாத வெள்ளையை அடித்தேன். ஸ்பீக்கர் மாட்ட மேடம் டிரில்லை எடுத்தபோது, "அங்க வேணாம், உள்ள தண்ணிக் குழாய் போகுது" என்று தட்டிக் காட்டினேன். மேடம் நம்பாமல் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டு வந்தார். குழாய் அங்கேதான் இருந்தது. "சுவரோட பேசற ஆள் ஒருத்தர் எனக்கு வேணும், நிரந்தரமா வந்துடறீங்களா?" என்றார். சுவரைக் கெடுத்து வேலை வாங்கியவள் இந்தத் திருவண்ணாமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் இரண்டு வருஷம் ஏணி பிடித்தேன், ஒயர் சுருட்டினேன், திட்டு வாங்கினேன். திட்டு என்று சொன்னது வாய்வழக்கு. மேடம் திட்டவே மாட்டார். கண்ணாடியைத் துடைப்பார். சின்னத் தப்புக்கு ஒரு துடைப்பு, பெரிய தப்புக்கு இரண்டு கண்ணாடியையும் முன்னும் பின்னும். யாராவது நாலு வார்த்தை கத்திவிட்டால் எவ்வளவோ நிம்மதி. அந்தத் துப்பட்டா நுனி சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அது விரோதிக்கும் வரக் கூடாது.

மேடத்தின் வேலை முறையைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் டிரில்லைத் தொடவே கூடாது. வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு, "படம் பாக்கறப்போ யார் யார் எங்க உட்காருவீங்களோ, அங்க போய் உட்காருங்க" என்பார். சோபாவில் இருவர், கீழே பாயில் மூவர், கதவோரம் நாற்காலியில் ஒருவர். உட்கார்ந்த பிறகுதான் கண் உயரத்தை அளப்பார். படத்தின் அடி விளிம்பு அந்த உயரத்தை ஒட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும். எந்த இடத்தில் யார் தலையும் இல்லையோ அதற்கு மேலேதான் மிஷின். யாரும் எழுந்து நடந்தால் வெளிச்சம் கண்ணில் விழாத பாதையா என்று அவரே நடந்து பார்ப்பார்.

தூரத்துக்கு மேடம் டேப் வைத்திருந்தார். எனக்கு அந்த எண்கள் ஒத்துவரவில்லை. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தேன். படம் ஒரு முழம் அகலம் வேண்டுமென்றால் மிஷின் ஒன்றரை முழம் தள்ளி இருக்க வேண்டும். அது நாங்கள் விற்ற மிஷினுக்குக் கணக்கு. அதன்படி முடிச்சுகள். மேடத்தின் டேப்பும் என் கயிறும் ஒரு விரற்கடைக்கு மேல் மாறுபட்டதில்லை.

பிறகு கூரையைத் தட்டுவேன். கெட்டியான இடத்தில் நாலு துளை. மிஷினைத் தாங்குகிற சட்டமான பிராக்கெட்டைத் திருகியதும் உடனே மிஷினை மாட்டிவிட முடியாது. அந்த வீட்டிலேயே ஒரு அரிசிப் பையை வாங்கி, பத்துக் கிலோ குறையாமல், பிராக்கெட்டில் தொங்கவிட வேண்டும். எல்லாருக்கும் டீ வரும். டீ குடித்து முடிக்கிறவரை பை தொங்கும். மிஷின் நாலு கிலோதான். பை அசையாமல் நின்றால் பிராக்கெட் பாஸ். அதற்கும்மேல், தனியாக வேறொரு துளையில் ஒரு எஃகுக் கயிறு போட்டு மிஷினை அதிலும் கட்டுவோம். திருகு ஏமாற்றினால் கயிறு பிடிக்கும்.

எர்த் பார்ப்பது ஏழுமலையின் வேலை. ஏழுமலை எங்கள் எலக்ட்ரீஷியன், நாற்பது வயது ஆள், எதற்கும் அவசரப்படமாட்டான். கடைசியில் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. "மிஷினைச் சுத்தி ஒரு சாண் இடம் விடுங்க, அதுக்கு மூச்சு வாங்கணும். துணி போட்டு மூடிட்டு ஓட்டாதீங்க. வெளிச்சம் வர்ற கண்ணாடிக்குள்ள யாரும் எட்டிப் பாக்காதீங்க, கண்ணு போயிடும். ரிமோட்ல நிறுத்தின உடனே மெயினைப் பட்டுன்னு அணைக்காதீங்க. உள்ள ஃபேன் ஓடி அடங்கட்டும்." ஆங்கிலத்தில் எனக்கு 'ஓகே' ஒன்றுதான் தெரியும். ரிமோட்டில் அது எந்தப் பொத்தான் என்றும் தெரியும். அதை வைத்தே பதினோரு வருஷம் ஓட்டினேன்.

ஊருக்கெல்லாம் இப்படிப் பாடம் சொன்னவள் சொந்தக் கடையில் செய்த காரியம் ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைத்து மிஷின்களுக்குப் பொட்டு வைக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். டிரில்லுக்குச் சந்தனம் குங்குமம், ஏணிக்குச் சந்தனம் குங்குமம், என் முடிச்சுக் கயிற்றுக்கும் வைத்தேன். புரொஜெக்டர் முன்னால் வந்து நின்றதும் யோசனை வந்தது. முகத்தில்தானே பொட்டு? இதற்கு முகம் எது? அந்த உருண்டைக் கண்ணாடிதான். மூடியைக் கழற்றி, கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் குழைத்து, அதன்மேல் குங்குமம், லட்சணமாக வைத்தேன். பிறகு மூடியை மூடினேன். பக்தியில் குறை வைக்கவில்லை.

மறுநாள் அந்த மிஷினைத்தான் ஒருவர் வீட்டுக்குக் காட்ட எடுத்துப் போனார்கள். படம் முழுக்க மஞ்சள் மூடுபனி. அந்த வீட்டம்மா, "கனவு சீன் ரொம்ப நீளமா போகுதே" என்றாராம். நான் ஓடிப்போய் முந்தானையால் துடைத்தேன். சூட்டில் காய்ந்த சந்தனம், முந்தானையில் இருந்த சரிகை, இரண்டும் சேர்ந்து கண்ணாடியில் கோலம் போட்டுவிட்டன. அன்று மேடம் கண்ணாடியைத் துடைத்த துடைப்பில் அதன் பிரேமே வளைந்தது. அதற்குப் பிறகு கடையில் ஒரு சட்டம்: பொட்டு அட்டைப் பெட்டிக்கு மட்டும். லென்ஸை முதலில் காற்றால் ஊதி, பிறகு அதற்கென்று இருக்கிற மெத்தென்ற துணியால் ஒற்ற வேண்டும். பச்சையம்மாள் லென்ஸுக்கு ஒரு முழம் கிட்டே வரக் கூடாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

நான் சேர்ந்த நாலாவது வருஷம். சித்திரை வெயில். வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்கு மாட்டப் போனோம். உள்ளே நுழைந்ததும் எனக்குக் காலர் இல்லாத குறைதான், தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன். ஏனென்றால் அது நான் வெள்ளையடித்த வீடு. இந்தக் கடைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அடித்தது. ஐந்து வருஷமாகியும் கூரையில் ஒரு வெடிப்பு இல்லை. ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற செந்தில், அவர் மனைவி மாலதி டீச்சர், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து அவர்களோடு இருக்கிற செந்திலின் அம்மா குப்பம்மாள். மூன்றே பேர்.

மேடம் அன்று வேறொரு வீட்டில் ஒயர் பிரச்சினையைப் பார்த்துவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். "நான் வர்ற வரைக்கும் அளந்து மட்டும் வைங்க" என்றார். அளந்தேன். என் கயிற்றை ஹால் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஏழாவது முடிச்சு நேராகக் கூரையில் இருந்த ஒரு கொக்கிக்குக் கீழே வந்து நின்றது. காங்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய இரும்புக் கொக்கி. கூரையெல்லாம் வெள்ளையாக இருக்க, அது மட்டும் பெயிண்ட் இல்லாமல் துருப்பிடித்துத் தொங்கியது.

எனக்கு ஒரே சந்தோஷம். நான் அடித்த கூரையில் நாலு ஓட்டை போட எனக்கு மனசே இல்லை.

"ஏழுமலை, டிரில்லே வேணாம். இதுலயே மாட்டிடலாம்."

"யக்கா, அது தூளி கட்டற கொக்கி."

"ஆமா, தூளிக் கொக்கிதான். பத்துக் கிலோ புள்ளை குதிச்சு ஆடினாலும் தாங்கும். நாலு கிலோ மிஷினைத் தாங்காதா?"

"மேடம் வந்துரட்டுமே."

"மேடம் வந்தா இன்னா சொல்வாங்க, ஓட்டை போடுன்னுவாங்க. இந்தக் கூரை என் கை வேலைடா."

செந்திலின் அம்மா கீழே முறத்தை வைத்துக்கொண்டு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னேன்:

"ஏங்க்கா, இந்தக் கொக்கி சும்மாதானே கெடக்குது? துருப்புடிச்சுப் போயி?"

மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றது. மாலதி அப்போதுதான் காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"ஆமாங்க. சும்மாதான் கெடக்குது. அதுலயே மாட்டிடுங்க."

குப்பம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மல்லாட்டையை வறுத்துக் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தேன். ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். என் மூளையைப் பார்த்து அசந்துவிட்டான் என்று!

கொக்கியில் ஒரு கம்பியை முறுக்கிப் பிராக்கெட்டைக் கட்டினேன். சட்டப்படி அரிசிப் பையையும் தொங்கவிட்டேன். பாஸ். மிஷினை மாட்டி, ஒயரைக் கொடுத்து, சுவரில் சுருட்டி மாட்டிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டோம். படம் வந்தது. நல்ல படம்தான். "வெக்கையா இருக்கே" என்று செந்தில் மின்விசிறியைப் போட்டார். படம் ஆடத் தொடங்கியது. கதாநாயகன் சும்மாதான் நின்றான், அவனோடு மலையும் மரமும் சேர்ந்து இப்படியும் அப்படியும் போய்வந்தன.

"ஃபேனைக் கொஞ்சம் கம்மியா வைங்களேன்" என்றேன்.

"சித்திரையில ஃபேன் இல்லாம எப்படிங்க படம் பாக்கறது?" என்றார் செந்தில்.

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். மேலே பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் துடைக்காமல் நின்றது அந்த ஒரு முறைதான்.

மேடம் என்னிடம் அல்ல, மாலதியிடம்தான் கேட்டார். "படம் பாக்கறப்போ யார் எங்க உட்காருவீங்க?"

"இவர் சோபாவுல. நான் பக்கத்துல. அத்தை இங்க, கீழ பாயில." அத்தைக்குக் காட்டிய இடம் கொக்கிக்கு நேர் கீழே.

"தலைக்கு நேரா மிஷின் இருக்கக் கூடாதுங்க. இறக்கிடறோம்."

"வேணாம் மேடம். அங்கயே இருக்கட்டும்."

"படம் ஆடுதே."

"ஆடட்டும்."

செந்தில், "மாலதி…" என்று ஆரம்பித்தார். மாலதி நிறுத்தவில்லை.

"வீட்டுக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரும் உள்ள நுழைஞ்ச உடனே மேல பாக்கறாங்க மேடம். கொக்கியைப் பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க. அப்பால ஒரு கேள்வி கேக்கறாங்க. அஞ்சு வருஷமா அதே கேள்வி. அங்க ஒரு மிஷின் தொங்குச்சுன்னா, மிஷினைப் பத்திக் கேப்பாங்க இல்ல? அதுக்காகத்தான் இதை வாங்கச் சொன்னதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இதே குப்பம்மாள் ஏணிக்குக் கீழே நின்று, "கொக்கிக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சுடாதம்மா, தூளித் துணியில ஒட்டிக்கும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொல்லித்தான் நான் அடிக்காமல் விட்டேன். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆன மருமகள் அன்று வெட்கப்பட்டு உள்ளே ஓடியதும் என் கண்ணில் வந்தது. ஈரம், குழாய், வெடிப்பு எல்லாம் கை வைத்தால் தெரிகிறவளுக்கு, ஐந்து வருஷம் ஒரு வீட்டின் நடுவில் தொங்கிய சங்கடம் தெரியவில்லை.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"அது ஆடறதுக்குன்னு வெச்ச கொக்கிங்க. ஆடக் கூடாத பொருளை அதுல நான் மாட்ட மாட்டேன். மிஷின் விழுந்தா உங்க அத்தை தலையில விழும். நீங்க வேணாம்னாலும் இறக்கித்தான் ஆகணும்."

மாலதி சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கூடவே அழுதிருப்பேன். நான் ஏணியில் ஏறி மிஷினை இறக்கினேன். கொக்கி மறுபடியும் வெறுமையாகத் தொங்கியது. இப்போது முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஏணிமேல் நின்றபடியே எனக்கு ஒரு யோசனை. என் யோசனையில் யாருக்கும் அன்று நம்பிக்கை இல்லை, எனக்கே இல்லை. அதனால் முதல்முறையாக மெதுவான குரலில் கேட்டேன்.

"டீச்சரம்மா… கொக்கியை அறுக்கவும் வேணாம், எதையும் மாட்டவும் வேணாம். ஃபேனுக்கு மேல கூரையை ஒட்டி ஒரு கப்பு இருக்குது பாருங்க. அதே மாதிரி ஒண்ணைக் கவுத்து வெச்சு, கூரைக் கலர்லயே அடிச்சுட்டா, அங்க ஒண்ணு இருக்கறதே தெரியாது. வேணும்ங்கறப்போ ஒரு திருகைக் கழட்டினா வந்துடும்."

மாலதி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாதா?" என்றார்.

"தெரியாது. இந்தக் கூரை நான் அடிச்சது. கலர் எனக்குத் தெரியும்."

அன்று மேடம் சொன்ன இடத்தில், சோபாவுக்கும் பின்னால், யார் தலைக்கும் மேல் இல்லாமல் நாலு துளை போட்டோம். கொக்கியிலிருந்து இரண்டு முழம் பின்னால். மிஷினில் பெரிதும் சிறிதுமாக்குகிற வளையத்தைத் திருகிப் படத்தைத் திரைக்குள் அடக்கினார் மேடம். மறுநாள் நான் கப்பும் பெயிண்டுமாகத் தனியாகப் போனேன். கொக்கியின் துருவைத் தேய்த்து எண்ணெய் பூசி, மேலே கப்பைக் கவிழ்த்து, மூன்று கோட்டு அடித்தேன். என் வாழ்நாளில் அடித்த வெள்ளையிலேயே சின்னது அது, ஒரு சாண் அகலம். அவ்வளவு நேரம் எந்த வெள்ளைக்கும் நான் எடுத்துக்கொண்டதில்லை.

கை கழுவச் சமையலறைக்குப் போனேன். குப்பம்மாள் அங்கே இருந்தார்.

"அக்கா, என் வாயி இருக்குதே…" என்று ஆரம்பித்தேன்.

"போம்மா. நீ இன்னா புதுசாவா சொல்லிட்ட? சும்மாதானே கெடக்குதுன்னு நானே மனசுக்குள்ள எத்தினி தடவ சொல்லியிருப்பேன். வெளிய சொன்னவ நீ ஒருத்தி. அவ்ளோதான்." பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கொக்கி வெக்கச் சொன்னதே நான்தான். அதான் எனக்கு உறுத்துது."

வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கடையில் மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பச்சைம்மா, துளை போடறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பாக்கறீங்க இல்ல? வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஆளையும் அப்படி ஒரு தட்டு தட்டிப் பாருங்க" என்றார். எழுந்து போய்விட்டார். அந்தப் பேச்சோடு சரி. நானும் அன்றிலிருந்து தட்டிப் பார்க்கத்தான் முயற்சி செய்கிறேன். சுவர் மாதிரி மனுஷர் சத்தம் கொடுப்பதில்லை. பாதி நாள் தப்பாகத்தான் கணிக்கிறேன்.

வருஷங்கள் போயின. முழங்கால் ஏணியோடு சண்டை போடத் தொடங்கியது. வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். கடைசி வாரம் நடந்துகொண்டிருந்தது. அந்த வேங்கிக்கால் வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. செந்தில்தான் போனில் பேசினார். "படத்து நடுவுல ஒரு நிழல் வருது, போகுது. வருது, போகுது."

"லென்ஸ்ல தூசியா இருக்கும்" என்றார் மேடம். தூசி நிழல் போய்வராது என்று நான் சொல்லவில்லை. ஏழுமலையும் நானும் கிளம்பினோம்.

பகல் மூன்று மணி. கதவு சாத்தி, திரைச்சீலை இழுத்திருந்தது. மாலதி, "பச்சைம்மா, மெதுவா வாங்க, சத்தம் போடாதீங்க" என்றார். உள்ளே போனேன். திரையில் படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு கோடு இடதுபக்கம் போனது, வலதுபக்கம் வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் கப்பு இல்லை. கொக்கியிலிருந்து பழைய நூல் சேலை ஒன்று இறங்கி, கனத்துத் தொங்கி, ஆடிக்கொண்டிருந்தது. குப்பம்மாள் பாயில் உட்கார்ந்து ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். சேலையின் மடிப்புக்கு வெளியே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாதம் தெரிந்தது.

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் ஏழுமலையைப் பார்த்தேன்.

எப்போது, யார், எப்படி என்று நூறு கேள்வி என் தொண்டையில் வரிசை கட்டி நின்றது. ஆஸ்பத்திரியா, தத்தா, சொந்தத்தில் யாருடையதாவதா? ஒன்றையும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும், இது எவ்வளவு பெரிய சாதனை என்று.

வேலையை மட்டும் பேசினேன். "டீச்சரம்மா, நிழல் மட்டும் இல்லைங்க. தூளி இந்தப் பக்கம் வர்றப்போ மிஷின் வெளிச்சம் குழந்தை கண்ணுல விழுது. மல்லாந்து படுத்தா நேரா பாக்கும். முதல்ல அணைங்க." அணைத்தார். "மிஷினைக் கொக்கிக்கு முன்னாடி கொண்டுபோயிடணும். அப்போ வெளிச்சம் இந்தப் பக்கமே வராது. ஆனா படம் ஒரு முழம் சின்னதாயிடும்."

"ஆகட்டும்" என்றார் மாலதி.

குழந்தையை உள்ளறைக்குத் தூக்கிப் போனார்கள். மேடத்தின் முறைப்படி எல்லாரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன், யார் தலையும் இல்லாத இடத்தைப் பிடித்தேன். நான் அடித்த கூரையில், என் கையால் கோடு போட்டு, புதிதாக நாலு ஓட்டை போடச் சொன்னேன். ஏழுமலை, "யக்கா, கூரை உங்க கை வேலையாச்சே" என்றான். "போடுடா" என்றேன். தூள் தலையில் கொட்டியது. கடைசித் தூள், வாங்கிக்கொண்டேன். பழைய துளைகளைப் பூசி வெள்ளை தொட்டேன்.

பிராக்கெட்டைத் திருகியாகிவிட்டது. தூசி துடைத்ததும் குழந்தையை மறுபடி கொண்டுவந்து தூளியில் போட்டார்கள். அரிசிப் பை கேட்டேன். செந்தில் கொண்டுவந்தார். பிராக்கெட்டில் தொங்கவிட்டு, எல்லாரும் டீயோடு உட்கார்ந்தோம்.

குப்பம்மாள் தூளியை ஆட்டிக்கொண்டே மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா பச்சைம்மா, இன்னாத்துக்குப் புதுசா நாலு ஓட்டை? கொக்கியிலயே மாட்டிடலாமே. சும்மாதானே கெடக்குது?"

மாலதிக்குச் சிரிப்பு வந்து டீ புரையேறிவிட்டது. செந்தில் முதுகைத் தட்டினார். ஏழுமலை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சிரித்தான். எனக்கு ஒரு பதில் வந்தது, நல்ல பதில், சுருக்கென்று இருக்கும். வாயைத் திறந்தேன். ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

டீ முடிகிறவரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அரிசிப் பை அசையவில்லை. தூளி ஆடிக்கொண்டிருந்தது.